இரு சட்டமும் ஒரு மொட்டைமாடியும்

மாலை ஐந்து மணிக்குப் பழைய விறகு பாய்லரை அணைத்துவிட வேண்டும் என்றது மத்தியச் சட்டம். மொட்டைமாடியிலுள்ள சோலார் பேனல்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும்வரை புதிய மின்பாய்லரைத் தொடக்கூடாது என்றது மாநிலச் சட்டம். இரண்டையும் இயற்றியவர்கள் தூய ஆற்றலின்மீது கொண்டிருந்த பற்றில் ஐயமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சலவைக்கூடம் இருக்கக்கூடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சலவைக்கூடத்தை நடத்திவந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலை செய்யும் பதினோரு பேரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். எலக்ட்ரீஷியனான அவருடைய சொந்தத் தம்பியும் அப்படியே அழைத்ததால், அவன் வயரிங் பார்க்க வரும் நாள்களில் வேலையாட்களின் எண்ணிக்கை பன்னிரண்டு என்றே வெளியாட்கள் நினைத்தார்கள். பெரிய மருத்துவமனையின் நானூறு படுக்கை விரிப்புகள் நாள்தோறும் இங்கே வந்து, நீராவியில் வெந்து, வெளுத்துத் திரும்பின. நீராவி இல்லாமல் ஒரு நாள் கழிந்தால் மருத்துவமனை வேறு கூடத்தைப் பார்த்துக்கொள்ளும். பதினோரு பேரும் வேறு வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே அன்று ஐந்து மணிக்குள் சான்றிதழ் வந்தாக வேண்டும். அதை வழங்கக் கூட்டாய்வு என்றொரு முறை இருந்தது. மத்திய அதிகாரி ஒருவரும் மாநில அதிகாரி ஒருவரும் ஒரே மாடியில் நின்று ஆய்வுசெய்து, அவரவர் டேப்லெட் திரையில் ஐந்து விநாடி இடைவெளிக்குள் விரல்ரேகை பதிக்க வேண்டும். முதலில் பதிப்பவர் பரிந்துரைத்தவர் என்றும், பிறகு பதிப்பவர் ஒப்புதல் அளித்தவர் என்றும் இணையதளம் எழுதிக்கொள்ளும். மூன்று முறை தவறினால் விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். வரிசையின் நீளம் தொண்ணூறு நாள்.

மூன்று மணிக்கு மாநிலக்காரர் வந்தார்; மூன்றே காலுக்கு மத்தியக்காரர் வந்தார். முன்னவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பின்னவருக்கு ஐம்பதைத் தொட்டிருக்கும். மாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்ற விதத்தில் நீண்டநாள் பயிற்சி தெரிந்தது.

"பேனல்ல கரண்ட் சுத்தமா இருக்கக்கூடாதும்மா. மீட்டர் சுழியம் காட்டணும். அப்பதான் பாதுகாப்புன்னு நான் எழுத முடியும்" என்றார் மாநிலக்காரர்.

"பேனல் ஓடிக்கிட்டு இருக்கணும். ஓடாத பேனலுக்கு எதுக்குச் சான்றிதழ்?" என்றார் மத்தியக்காரர். அதை அவர் தண்ணீர்த் தொட்டியிடம் சொன்னார்.

அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஓடணும், ஆனா ஓடக்கூடாது. சரிங்க சார். நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கலந்து பேசிட்டு வந்திருக்கலாமே?"

இருவரும் தண்ணீர்த் தொட்டியையே பார்த்தார்கள்.

தம்பி அக்காவைக் கைப்பிடிச் சுவரோரமாக அழைத்துப்போனான். "அக்கா, இவங்க சகலைங்க."

"யாருடா சொன்னா?"

"மாநிலக்காரரோட டிரைவர். அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க. ரெண்டு வருஷமாப் பேச்சு வார்த்தை கிடையாதாம்."

"எதுக்கு?"

"மாநிலக்காரர் கட்டினது அக்காவை. அதனால முறைக்கு அவர்தான் பெரியவர். ஆனா வயசுல மத்தியக்காரர் எட்டு வருஷம் மூத்தவர். யாரு யாரை அண்ணேன்னு கூப்பிடறது? குடும்ப போட்டோ எடுக்கறப்ப மாமனார் பக்கத்து நாற்காலியில யாரு உக்கார்றதுன்னு சண்டை."

"கடைசியில யாரு உக்காந்தா?"

"பூனை."

அக்கா சிரிக்கவில்லை. மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

சட்டப் புத்தகத்தை அவர் படித்தவரல்லர். விண்ணப்பப் படிவத்தைப் படித்திருந்தார். மாநிலப் படிவம் ஒரு மாதிரிப் பேனலின் எண்ணைக் கேட்டது. மத்தியப் படிவமும் ஒரு மாதிரிப் பேனலின் எண்ணைக் கேட்டது. இரண்டும் ஒரே பேனலாக இருக்க வேண்டும் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. மாடியில் இருபத்து நான்கு பேனல்கள் இருந்தன. தம்பி கடைசிப் பேனலைத் தனியே கழற்றினான். எஞ்சியவை ஓடிக்கொண்டிருந்தன. கழற்றிய பேனல்மீது வெயில் படாதபடி, வெளுத்து மடித்து வைத்திருந்த மருத்துவமனை விரிப்புகளில் மூன்றை அக்கா தாமே விரித்தார்.

மாநிலக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "முப்பத்தோரு வோல்ட் காட்டுதும்மா."

"மூணு விரிப்பு போட்டிருக்கேனே சார்!"

"இப்படி வெளுத்து வெச்சிருந்தா வெளிச்சம் உள்ள போகாம என்ன செய்யும்?"

இருபது வருடத் தொழிலில் தம் வெளுப்பே தமக்கு எதிரான சாட்சியாவது அக்காவுக்கு இதுவே முதல் முறை. அவர் கீழே குரல்கொடுத்தார். விடுதி ஒன்றிலிருந்து துவைக்க வந்திருந்த கருநீலக் கம்பளிகளில் இரண்டு, துவைக்கப்படாமலேயே மேலே வந்தன. அழுக்கும் சேர்ந்து உதவியது. மீட்டர் சுழியம் காட்டியது. மாநிலக்காரர் திருப்தியோடு எழுதினார். அதே நேரத்தில் முதல் பேனலருகே மத்தியக்காரரின் மீட்டரில் எண்கள் நன்றாகவே ஏறியிருந்தன. அவரும் எழுதினார்.

இரு சட்டங்களின் முரண்பாடு இரண்டு கம்பளிகளில் தீர்ந்தது. இரு சகலைகளின் முரண்பாடு அவ்வளவு மலிவானதாக இல்லை.

"நாலு இருபதுக்கு ரெண்டு பேரும் விரலை வெச்சிடுங்க சார்" என்றார் அக்கா. இருவரும் தலையசைத்தார்கள். அவரவர் டேப்பின் கடிகாரத்தைப் பார்த்து, அவரவர் நாலு இருபதுக்கு விரலை வைத்தார்கள். இரண்டு கடிகாரங்களுக்கும் இடையில் மூன்று நிமிட வேறுபாடு இருந்தது. இணையதளம் சிவப்பு எழுத்தில் மறுத்தது.

"அவர் கடிகாரத்தைச் சரிபண்ணச் சொல்லுங்க" என்றார் மாநிலக்காரர்.

"நாடு முழுக்க ஓடற நேரம் இதுதான்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் மத்தியக்காரர்.

இருவருக்கும் இடையில் மூன்றடி தூரம் இருந்தது. அந்த மூன்றடியைக் கடக்க இரண்டு செய்திகளுக்கும் அக்கா தேவைப்பட்டார்.

இரண்டாம் முறை அவர் கடிகாரத்தை நம்பவில்லை. நடுவில் நின்று தாமே எண்ணினார். "மூணு, ரெண்டு, ஒண்ணு, வைங்க!"

எவரும் வைக்கவில்லை. இரண்டு விரல்களும் இரண்டு கண்ணாடித் திரைகளுக்கு மேலே ஒரு நூலளவு உயரத்தில் நின்றன. முதலில் பதிப்பவர் பரிந்துரைப்பவர். பிறகு பதிப்பவர் ஒப்புதல் அளிப்பவர். இதை அந்த மாடியில் மறந்திருந்தவர் அக்கா மட்டுமே. நான்காம் விநாடியில் மத்தியக்காரரின் விரல் வியர்த்து வழுக்கித் திரையில் பட்டது. மாநிலக்காரர் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. அதை முழுதாக ரசித்துவிட்டு அவர் விரலைப் பதித்தபோது பத்தாம் விநாடி ஆகியிருந்தது. இணையதளம் மறுபடியும் மறுத்தது. ஒரு வாய்ப்பே எஞ்சியுள்ளது என்றும் தெரிவித்தது.

அக்காவின் பொறுமை அங்கே தீர்ந்தது.

"ஏன் சார், வீட்டு நாற்காலியை எதுக்கு என் மாடிக்குத் தூக்கிட்டு வந்தீங்க? கீழ பதினோரு பேரு நிக்கறாங்க. நாளைக்கு அவங்க எங்க போய் நிக்கறது? உங்க மாமனார் வீட்டு வாசல்லயா?"

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைம்மா. அவரை முதல்ல வைக்கச் சொல்லுங்க" என்றார் மாநிலக்காரர்.

"நான் ஏற்கனவே முதல்ல வெச்சு அவமானப்பட்டாச்சு. பெரிய மனுஷன்னு நினைப்பு இருந்தா இந்தத் தடவை அவர் விட்டுக்கொடுக்கட்டும்" என்றார் மத்தியக்காரர்.

"பெரியவன்னு ஒத்துக்கிட்டார், கேட்டீங்களா?"

"நினைப்புன்னுதான் சொன்னேன்!"

இரண்டு ஆண்டுகளில் இருவரும் உரையாடலுக்கு இவ்வளவு அருகில் வந்ததில்லை. அதுவும் அத்தோடு நின்றது. மணி நாலு நாற்பத்து நான்கு.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். முற்றத்தில் இரண்டு பெண்கள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரும் மருமகளும், காலையிலிருந்து அவர்களுக்குள்ளும் பேச்சு இல்லை. எனினும் வேலை நிற்கவில்லை. துணியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள். ஒரு சுண்டு சுண்டினால் உதற வேண்டும். இரண்டு சுண்டினால் மடித்துக்கொண்டு எதிரே நடக்க வேண்டும். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் வாயால் சொல்வது எவருக்கும் கேட்காது என்பதால் இந்தக் கூடத்தில் எல்லோரும் இப்படித்தான் மடித்தார்கள். துணி சொல்லும், கைகள் கேட்கும். இரு கைகளுக்கும் ஒரே கணத்தில் கேட்கும்.

பேனல்மீது பயனற்றுப்போன விரிப்புகளில் ஒன்றை அக்கா உருவி, நீளவாக்கில் முறுக்கிக் கயிறாக்கினார். ஒரு முனையை மாநிலக்காரரின் இடக்கையிலும் மறுமுனையை மத்தியக்காரரின் இடக்கையிலும் கொடுத்தார்.

"இது எதுக்கும்மா?"

"இறுக்கிப் பிடிங்க சார். டேப்பைச் சுவர் மேல வைங்க. வலது விரல் தயாரா இருக்கட்டும். துணி இழுபடற நேரம் விரலை வைங்க. அவ்வளவுதான். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம்."

"முதல்ல யார் இழுக்கறது?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"நான்."

மத்தியக்காரர் தயங்கினார். "விதிமுறையில இப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"கூடாதுன்னு இருக்கா?"

அவர் யோசித்தார். துணியைப் பற்றி விதிமுறைகள் எதுவும் சொல்லவில்லை.

"இருந்தாலும், நீங்க இழுத்து நாங்க…" என்று மாநிலக்காரர் தொடங்கினார்.

"எனக்கு ஐம்பத்திரண்டு. உங்க ரெண்டு பேருக்கும் நான் மூத்தவ. வயசுன்னாலும் நான்தான் பெரியவ. முறைன்னாலும் ஊரே என்னை அக்கான்னுதான் கூப்பிடுது. வேற சந்தேகம் இருக்கா?"

இருவரிடமும் வேறு சந்தேகம் இல்லை. தாம் இருவரும் சேர்ந்து இளையவர்களாக இருப்பதில் எவருக்கும் தனிப்பட்ட இழப்பு இல்லை என்பது அவர்கள் முகங்களில் மெல்ல விளங்கிவந்தது.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். கீழே பழைய பாய்லரின் புகைபோக்கி தன் கடைசிப் புகையை அவசரமின்றி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா முறுக்கிய துணியின் நடுவே இரண்டு கைகளையும் வைத்தார். ஈர விரிப்புகளைப் பிழிந்து பழகிய மணிக்கட்டுகள் அவை. எச்சரிக்கை எதுவும் தராமல் துணியைக் கீழ்நோக்கி ஒரே சுண்டாகச் சுண்டினார்.

இரு அதிகாரிகளும் முன்னே சரிந்தார்கள். இரு விரல்களும் கண்ணாடியில் மோதின.

இணையதளத்தில் ஒரு வட்டம் சுழன்றது. நெடுநேரம் சுழன்றது. இரண்டு பதிவுகளுக்கும் நேரம் ஒன்றே: நாலு ஐம்பத்து மூன்று, ஏழாவது விநாடி. இப்படியொரு நிலை வரும் என்று எதிர்பாராத இணையதளம், பரிந்துரைத்தவர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, ஒப்புதல் அளித்தவர் என்ற கட்டத்தில் இருவர் பெயரையும் ஒன்றாகத் திணித்தது. இடம் போதாமல் இரண்டு பெயர்களும் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. சான்றிதழ் பச்சை நிறத்தில் வந்தது.

அக்கா நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை; புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிகளில் இறங்கினார். தம்பி அவருக்கு முன்னே ஓடினான். நாலு ஐம்பத்தெட்டுக்கு விறகு பாய்லரின் கதவு மூடப்பட்டு, காற்றுவழி அடைக்கப்பட்டது. மத்தியச் சட்டத்துக்கு இரண்டு நிமிடம் மிச்சம். ஐந்து மணிக்கு மின்பாய்லரின் விசையை அக்கா தம் கையாலேயே போட்டார். அழுத்தமானியின் முள் சற்று நேரம் அசையாமல் இருந்தது. பதினோரு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது சோம்பலாக எழுந்தது. குழாய் ஒருமுறை கனைத்தது. இஸ்திரி உருளையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மூச்சு கிளம்பியதும் மருமகள், மாமியாரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். தான் யாரைக் குலுக்குகிறோம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு, மருத்துவமனைக்கான முதல் கட்டு தயாரானபோது தம்பி வந்தான்.

"அக்கா, அவங்க இன்னும் மேலயே நிக்கறாங்க."

"இன்னும் என்னடா ஆய்வு?"

"ஆய்வெல்லாம் இல்ல. படி ஒரு ஆள் அகலம்தானே? யாரு முதல்ல இறங்கறதுன்னு நிக்கறாங்க."

அக்கா கட்டின் முடிச்சை இறுக்கினார். வெளியே மருத்துவமனை வண்டி வந்து நின்றது. பின்கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"ஆறு மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிடுவோம்னு சொல்லிட்டு வா."

"யார்கிட்ட சொல்லட்டும்?"

"யாரையும் பார்க்காதே. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொல்லு. ரெண்டு பேருக்கும் கேட்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா கட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.