ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்த நாள்

பதினோரு மணிக்கு வீடியோவில் விவாகரத்து விசாரணை. பத்தரைக்கு வீட்டில் நெட் செத்துப்போனது.

தெருவில் குழாய் பதிக்க மூன்று நாளாகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எதைத் தோண்ட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, அந்தப் பெரிய இயந்திரம் அன்றைக்குக் கேபிளைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டது. கூடத்து மூலையில் இருந்த மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. இது எதுவும் தெரியாமல், நீதிபதி முன்னால் உட்காரப் போகிறோமே என்று அவள் தன் அறையில் தலையை இரண்டாம் முறை வாரிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அவளைத் தவிர அந்த வீட்டில் இருப்பவர் ஒருவர்தான். அவர் அந்தக் கதவைத் தட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"நெட் போயிடுச்சு" என்றார் அவள் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் பல்செட் செய்யும் இடத்தில் வேலை செய்பவள். பதினைந்து வருடமாக ஊரில் பாதிப் பேருடைய வாய் அவள் கைவேலையில்தான் மென்றுகொண்டிருந்தது. அங்கே எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த முதலாளிகூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி முதல் ஏழு வருடம் கலகலப்பாகத்தான் இருந்தார். வேலையிலிருந்து வந்ததும் எந்தக் கட்டிடத்தில் யார் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள், உள்ளேயிருந்து என்னவெல்லாம் கத்தினார்கள் என்று நடித்தே காட்டுவார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காய்ச்சல் என்று அவர் வீட்டில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக அவருடைய கூட்டாளி போனார். ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்ட் பள்ளத்துக்குள் விழுந்த அந்த மனுஷன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அன்றோடு இவருக்குப் பேச்சு நின்றது. நோயும் இல்லை, குடியும் இல்லை. வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். "சாப்பிடறீங்களா?" என்றாலும் "ம்." "என்னதான் ஆச்சு உங்களுக்கு?" என்றாலும் "ம்."

அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், டாக்டரிடம் கூட்டிப்போனாள், கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தாள். வரச் சொல்லி ஒரு போன்கூட இல்லை. "சுவரோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்குக்கா. எத்தனை வருஷம்தான் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கறது?" என்று அழுதாள். கடைசியில் அவளே மனு எழுத வைத்தாள். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டு அவரும் போட்டுக்கொடுத்தார். வாடகை ஒப்பந்தம் முடியும்வரை ஆளுக்கு ஓர் அறை என்று ஆனது. காலை ஏழு மணி வரை சமையலறை அவருக்கு, அதற்குப் பிறகு அவளுக்கு. சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக்கொண்டார்கள். "சிலிண்டர் தீர்ந்துடுச்சு." "ம்." எழுத்தில்கூட அதே ம்.

"உங்க போன்ல இருக்குமே நெட்டு?" என்றாள் இப்போது.

"போன வாரம் லிஃப்ட் பள்ளத்துல விழுந்து உடைஞ்சிடுச்சு. இது பட்டன் போன்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு, "வக்கீலம்மாகிட்ட சொல்லி தள்ளி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார்.

போன தடவை நீதிபதி விடுப்பு என்று தள்ளிப்போனது நான்கு மாதம். இன்னொரு நான்கு மாதம் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூச்சுவிட்டுக்கொண்டு இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"வேணாம். என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன். லேப்டாப்ப எடுத்துட்டு வாங்க."

அவர் எடுத்து வந்தார். அவள் போனில் தேடிப்பிடித்து அந்தப் பொத்தானைத் தள்ளினாள். பாஸ்வேர்டு என்று போன் தானாகவே எதையோ வைத்திருந்தது. அதை அவள் வாசித்தாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார்.

"சின்ன கே. ஏழு. ஏழு. பெரிய எம்."

"எம்மா, இல்ல 'என்'னா?"

"எம். அம்மாவுக்கு வர்ற எம்."

"ம்."

"கடைசில ஒன்பது."

"தப்புங்குது."

"முதல்லேருந்து வாங்க. சின்ன கே..."

மூன்றாம் தடவை இணைந்தது. ஒரு வருடத்தில் இருவரும் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்பது அவளுக்கு உறைத்தது. அதை நினைத்து நிற்க நேரமில்லை. மணி பத்து ஐம்பது.

ஒருவர் அறையில் ஒருவர் இருக்கக் கூடாது என்று இருவருக்கும் பொதுவான வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "தனித்தனி ரூம்லேருந்து தனித்தனியா வாங்க. ஒரே கேமராவுல ரெண்டு பேரும் தலைய நீட்டுனீங்கன்னா ஃபேமிலி போட்டோ எடுக்க வந்த மாதிரி இருக்கும்." அதனால் அவர் லேப்டாப்போடு தன் அறைக்குப் போனார். அங்கே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுடைய போனுக்கோ ஜன்னல் கம்பியை ஒட்டி வைத்தால்தான் சிக்னல். அதை நகர்த்த முடியாது. அவர் சமையலறைக்கு வந்தார். கூடத்துக்கு வந்தார். மெக்கானிக் புத்தியில் ஒவ்வோர் அடியாக வைத்துப் பார்த்து, கடைசியில் அவள் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டார்.

"இங்க வருது."

"அப்ப அங்கயே இருங்க. நான் கதவ சாத்திக்கறேன்."

கதவைச் சாத்தினாள். மரக்கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. வக்கீலம்மா, ஏதோ ஓர் எழுத்தர், ஜலதோஷம் பிடித்த வயதான நீதிபதி, அவள், அவர். அவருடைய கட்டத்தில் பின்னால் அவள் அறைக் கதவு தெரிந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது.

"சொல்லுங்கம்மா. இந்த மனு நீங்க விரும்பிப் போட்டதுதானா?"

"ஆமாங்கய்யா" என்றாள் அவள். கதவுக்கு வெளியே லேப்டாப் அவள் குரலிலேயே 'ஆமாங்கய்யா' என்றது. அது திரும்பி அவள் போனுக்குள் வந்து மூன்றாவது முறையும் ஒலித்தது.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "யாரோ உங்க பின்னாலேயே பேசறாங்களே?"

"அவர்தாங்கய்யா. அதாவது, அவரோட லேப்டாப்பு. வெளியில உக்காந்திருக்காரு."

"எங்க வெளியில?"

"என் ரூம் வாசல்ல."

வக்கீலம்மா குறுக்கே வந்தார். "ஐயா, ஒரே கூரைக்குக் கீழ தனித்தனியா வாழறாங்கன்னு மனுவுலேயே சொல்லியிருக்கோம்."

"படிச்சேன், படிச்சேன். ஆனா வாசல்ல ஏன் உக்காரணும்?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேபிள் அறுந்ததை, அவர் போன் உடைந்ததை, தன் போனிலிருந்து நெட் கொடுத்ததை, சிக்னலுக்காக அவர் வீடெல்லாம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அவருக்கு நெட் இல்லன்னா நீங்க எதுக்கும்மா குடுத்தீங்க?"

"கேஸ் தள்ளிப்போகக் கூடாதுன்னுதாங்கய்யா."

"சரி. சமையல்?"

"தனித்தனிங்க."

"அவருக்கு உடம்பு முடியலைன்னா?"

"மாத்திரை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டு மெசேஜ் போடுவேன்."

"உங்களுக்கு முடியலைன்னா?"

அவள் யோசித்தாள். "போன மாசம் கஞ்சி வெச்சு மூடி வெச்சிருந்தாருங்க."

திரையில் வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கத் திறக்கத் தன் வழக்கைத் தானே குழி தோண்டிப் புதைப்பது அவளுக்கும் மெல்லப் புரிந்தது. ஆனால் சொன்னதெல்லாம் உண்மை. மாத்திரைக்கும் கஞ்சிக்கும் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்வதற்கும் சம்பந்தமில்லை என்பதை இந்தச் சளி பிடித்த பெரியவருக்கு எப்படிச் சொல்வது?

நீதிபதி அடுத்து கணவரைக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இவங்கள விட்டுப் பிரிய சம்மதமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

"ஐயா கேக்கறாங்க" என்றார் வக்கீலம்மா.

திரையில் அவர் முகம் அசையாமல் இருந்தது. கனெக்‌ஷன் நின்றுவிட்டதோ என்று அவள் பார்த்தாள். இல்லை, கண் இமைத்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று மனசுக்குள் கத்தினாள். அவர் வாய் திறக்கவில்லை.

நீதிபதி நிறைந்த மனதோடு தும்மினார். "எனக்குப் புரியுது. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னும் ஒட்டு இருக்கு. ஆறு மாசம் கவுன்சிலிங் போங்க. அப்புறம் பாக்கலாம்." கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவள் கதவைத் திறந்தாள். அவர் லேப்டாப்பை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

"ஒரு ஆமாம் சொல்ல முடியலையா உங்களுக்கு? ஒரே ஒரு ஆமாம்?"

அவள் விட்டுவிட்டுப் போகத் திரும்பியபோது அவர் சொன்னார்.

"கேட்டது காதுல விழுந்துச்சு. வாய்க்கு வரல." லேப்டாப் மூடியைத் தடவினார். "அவன் செத்ததுலேருந்து இப்படித்தான். வேலை செய்யற இடத்துலயும் இப்படித்தான். உன்கிட்ட மட்டும்னு நினைச்சுக்காத."

நான்கு வருடம் அவள் நினைத்தது அதைத்தான். தான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம், தன்னைத்தான் பிடிக்கவில்லை என்று இரவும் பகலும் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். இந்த ஒரு வாக்கியம் முன்பே கிடைத்திருந்தால் மனு எழுத வைத்திருப்பாளா? தெரியவில்லை. இப்போது அதைக் கேட்டு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"ம்."

பிறகு அவரே கேட்டார். "இது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?"

"எது?"

"இந்த நெட்டு. வீடு பாக்கணும்."

அவள் புரியாமல் நின்றாள்.

"ஆறு மாசம் இப்படி இருந்தா உனக்கு மூச்சு முட்டும். நான் போயிடறேன்."

போனை எடுத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனால் அவருக்கு இணைப்பு இருக்காது. முதலாளியைக் கூப்பிட்டு மதியமும் வரவில்லை என்றாள். "யாரு பல்ல யாரு வாயில மாட்டறதுன்னு இங்க முழிக்கறோம் பல்லக்கா" என்று அவர் சலித்துக்கொண்டார். அவள் போனை ஜன்னலிலேயே விட்டுவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள். திரையில் ஒரு சாதனம் இணைந்திருப்பதாகக் காட்டியபடியே இருந்தது. நடுவில் ஒருமுறை அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஓர் அறை, ஒரு குளியலறை, மூன்றாம் மாடி.

"ஜன்னலே இல்லையே?" என்றாள்.

அடுத்ததைத் தேடினார். நாலரை மணிக்கு ஒன்று அமைந்தது. அதில் ஜன்னல் இருந்தது. அவரால் போனில் பேசிக் கேட்க முடியாது என்று அவளே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தண்ணீர் வருமா, எப்போது சாவி தருவீர்கள் என்று விசாரித்தாள். "உங்களுக்காம்மா?" என்று அந்த ஆள் கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

சனிக்கிழமை இரண்டு பெட்டியும் கருவிப் பையுமாக அவர் போனார்.

கவுன்சிலிங்குக்கு மூன்று தடவை போனார்கள். ஒருவரிடம் ஒருவருக்குப் பிடித்ததை எழுதச் சொன்னாள் கவுன்சிலிங் செய்த பெண். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் 'கைநீட்ட மாட்டார்' என்று எழுதி, அது போதாது என்று தோன்றி, வேறொன்றும் நினைவுக்கு வராமல் கொடுத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து வக்கீலம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இந்த வாட்டி நேர்ல வாங்க. நெட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார். அவர் எழுந்து நின்றார். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவர்போல் உதடு முதலில் சத்தமில்லாமல் அசைந்தது.

"அவ கேக்கறத குடுத்துடுங்கய்யா. எனக்கு வருத்தமில்ல." எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மறுபடி வாய் திறந்தார். "இருக்கு. ஆனாலும் குடுத்துடுங்க."

நீதிபதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை முகம் மலரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே படிக்கட்டில் இருவரும் நின்றார்கள். அவர் இளைத்திருந்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வந்ததை அவள் விழுங்கினாள். முன்பெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "வரேன்" என்பார். அன்று அந்த வார்த்தைக்காக வாய் திறந்து, அது பொருந்தாது என்று பட்டதோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வலது பக்கம் நடந்தார்.

அவள் இடது பக்கம் வந்து முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் ஏறியது, இறங்கியது, பக்கத்தில் யார் யாரோ மாறி மாறி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து நடத்துநர் தோளருகே குனிந்தார்.

"கடைசி ஸ்டாப்புங்க. இறங்கணும். நீங்க எங்க போகணும்?"

சொன்னாள்.

"அது எப்பவோ தாண்டிடுச்சேம்மா. திரும்பிப் போக அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும்."

"பரவால்ல" என்று இறங்கினாள். பஸ் நிலையத்தில் ஆளில்லை. சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டு உட்கார்ந்திருப்பதை உணர்ந்து, நடுவுக்கு நகர்ந்துகொண்டாள்.