அறுபதா, எண்பத்தொன்றா

...அறுபது, வெறும் அறுபது, "இது பத்தாதும்மா, அக்காவுக்கு நீங்க கிட்னி குடுக்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அறுபது எப்படி வரும்... எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நீ, பதறாமல் யோசி. சிறுநீரகத்தைத் திறந்து பார்த்தா அளக்கிறார்கள்? தசையிலிருந்து கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் சேர்கிறது, சிறுநீரகம் அதைக் கழுவித் தள்ளுகிறது, மீந்ததை வைத்து அது கழுவும் வேகத்தை ஊகிக்கிறார்கள், அந்த வேகம்தான் இந்த அறுபது. தொட்டியில் கழுவாத தட்டு பத்து கிடக்கிறது என்று வை, இருபது பேர் சாப்பிட்ட வீடென்றால் கழுவுகிறவர் கெட்டிக்காரர், பத்துப் பேர் வீடென்றால் ஒன்றையும் தொடவேயில்லை. ஆணுக்குத் தசை அதிகம், பெண்ணுக்குக் குறைவு, அதனால்தான் கணக்கு இரண்டு... என் வீட்டில் எத்தனை பேர்? ரத்தம் எடுத்த இடத்தில் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், கேட்காமலே 'பெண்' என்று தட்டினாள், எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று, அந்தச் சந்தோஷத்தில் வாயே திறக்கவில்லையே, பாவி. இப்போது சொன்னால்? அந்த 'ம்மா' பாதியில் நின்றுவிடுமோ, பார்வை கழுத்துக்கு இறங்குமோ... வெளியே அக்கா உட்கார்ந்திருக்கிறாள், என்னை முதன்முதலில் தங்கச்சி என்று கூப்பிட்டவள், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையோடு. நான் திருநங்கை என்று சொல்லிவிட்டேன்.

"முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" 'ம்மா' போகவில்லை. ஆண் என்று மாற்றித் தட்டினார், அதே ரத்தம், எண்பத்தொன்று. மூச்சு வந்தது... "இருங்க, இதையும் நம்ப முடியாது. ஹார்மோன் எத்தனை வருஷமா எடுத்துக்கறீங்க?" நாலு வருஷமா, டாக்டர். தசை கரைந்திருக்கும், முழுக்க அல்ல, நிஜம் நடுவில் எங்கேயோ இருக்கலாம். தசையை அவ்வளவாக நம்பாத சிஸ்டாட்டின் என்று இன்னொரு பரிசோதனை, அதிலும் தெளியாவிட்டால் மருந்து ஏற்றி நேரடியாகவே அளப்பார்களாம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணுமாம்க்கா."

"எனக்குள்ள வந்து உக்காந்து அதிகாரம் பண்ணலாம்னு பாத்தியா, கிட்னிக்கே பயம் வந்துடுச்சு போல."

சிரித்தேன். அறுபதுதான் நிஜமென்றால் அக்கா? எண்பத்தொன்றை நம்பிக் கொடுத்து அது பொய்யென்றால், மிச்சமுள்ள ஒன்றோடு நான்? ஊசி ஏறும்போது உதடு தானாக முணுமுணுக்கிறது, எண்பத்தொன்று, எண்பத்தொன்று... யாருடைய எண் அது, ஆயுசெல்லாம் எனக்குள்ளிருந்த எந்த ஆணிடமிருந்து ஓடி வந்தேனோ அவனுடையது, அவனிடம் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.