மஞ்சள் கோட்டு மாப்பிள்ளை

1

மனிதகுலத்தின் வரலாறு நிறங்களால் எழுதப்பட்டது. பேரரசுகள் எழுந்ததும் வீழ்ந்ததும் அவற்றின் பொருட்டே.

இதை எழுதிவிட்டு ஒரு கோப்பி ஆறும்வரை நானே வியந்துகொண்டிருந்தேன். உண்மையில் இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் படத்தில் பிறந்தது. ரொறொன்ரோவின் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் இருபது பேர் சிவப்புக் கோட்டில் துவக்குடன் நிற்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் மஞ்சள் கோட்டு, இடுப்பில் முரசு. அவன் ஒருவன்தான் தமிழன்.

2

படத்தைப் பார்த்தவர் மாமாங்கம். மட்டக்களப்பிலிருந்து வந்து ரொறொன்ரோவின் ரூஜ் பகுதியில் வீடு வாங்கியவர். ஊர்ச் சங்கத்தின் தலைவர். வேறு எவரும் போட்டியிடாதபடியால் நிரந்தரத் தலைவர். மஞ்சள் கோட்டுக்காரன் தினேஸ். அவர் மகள் யதுஷா கட்டிக்கொள்ள விரும்பும் பையன். கிழமை நாட்களில் கணினி வேலை; விடுமுறையில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் படையாக நடித்துக்காட்டும் குழுவில் முரசடிப்பவன்.

மாமாங்கம் படத்தை விரலால் பெரிதாக்கினார். மஞ்சள் மாறவில்லை.

"பாத்தியா பரிமளம்," என்றார் மனைவியிடம். "வெள்ளைக்காரனெல்லாம் சிவப்பு. நம்மட பொடியன மட்டும் மஞ்சளில புறிம்பாக்கி வெச்சிரிக்கான். இதப் பொறுத்துக்கிட்டு நிக்கிறவனுக்கா என்ட புள்ளையக் குடுக்கிற?"

மஞ்சள் மங்களமான நிறந்தானே என்றார் பரிமளம்.

யதுஷா விளக்கிப் பார்த்தாள். சிப்பாயின் கோட்டு சிவப்பு. கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் படைப்பிரிவின் நிறம், இவர்களுக்கு மஞ்சள். முரசடிப்பவனுக்கு அது தலைகீழ்: கோட்டு படைப்பிரிவின் நிறம், மடிப்புகள் சிவப்பு. கட்டளைகள் முரசில் போவதால், வெடிப்புகைக்குள் தளபதி அவனைச் சட்டென்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். மாமாங்கம் பொறுமையாகக் கேட்டார்.

"அவனுகள் அப்பிடித்தான் சொல்லுவானுகள். மறுகா நாமளும் நம்புவம்."

சிவப்புக் கோட்டு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை.

(அடிக்குறிப்பாக வரவேண்டியது: மாப்பிள்ளை கொட்டடிப்பதில் அவருக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நாங்கள் சாதியைக் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் என்று வருடா வருடம் மேடையில் பேசுபவர் அவர்.)

3

கேணல் கிளிபோட் தன் வெண்குதிரையில் கம்பீரமாக —

இல்லை. குதிரை கிடையாது. கிளிபோட் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். குழுவில் மட்டும் கேணல்.

முதல் வரைவில் கிளிபோட் வரலாற்றை விளக்க, மாமாங்கம் மனம் திருந்தினார். இந்த நகரத்தில் குடியிருந்துகொண்டு எப்படி அப்படி எழுதினேனோ. நடக்கக்கூடியது இதுதான்: மாமாங்கம் நேரே போய்க் குற்றச்சாட்டை வைத்தார். கிளிபோட் வெளிறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு குழுவே கூடி மன்னிப்புக் கேட்டது. எனக்கு மஞ்சள்தான் விருப்பம், அதுதான் சரியும்கூட என்று தினேஸ் சொன்னபோது, அவனை அப்படிச் சொல்லும் நிலைக்கு ஆளாக்கியதற்கும் மன்னிப்புக் கேட்டார்கள்.

அவனுக்கு ஒரு சிவப்புக் கோட்டு வந்தது. அடுத்த காட்சி முடிந்ததும் நாள் குறிப்பதாக மாமாங்கம் வாக்குக் கொடுத்தார். யதுஷாவுக்காக அவனும் அதை மாட்டிக்கொண்டான்.

[தினேஸ் இவ்வளவு இலகுவாக இணங்குவானா என்று இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. யதுஷாவை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கு வராது.]

4

காட்சி நாள் காலையில் தூறல். பரிமளம் வாங்கி வைத்திருந்த மழைக்கோட்டை மாமாங்கம் போட்டுக்கொண்டு போனார். பரிமளம் எந்த நிறத்தில் வாங்கியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

மழை விட்டது. துவக்குகள் ஒன்றாக வெடித்தன. போர்க்களம் முழுவதும் புகை. கேணல் கிளிபோட் கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் முரசைத் தேடினார். எங்கும் சிவப்பு. காட்சி முடிவில் மஞ்சளின் பின்னால் அணி திரும்பும் என்பது பல வருடப் பழக்கம். தூரத்தில், புகைக்குள், ஒரேயொரு மஞ்சள் உறுதியான நடையில் போய்க்கொண்டிருந்தது. கிளிபோட் வாளை நீட்டினார். படை அதன் பின்னால் திரும்பியது.

மாமாங்கம் திரும்பிப் பார்த்தார். பிரித்தானியச் சாம்ராச்சியம் அவர் பின்னால் வந்துகொண்டிருந்தது.

5

முடிவு ஒன்று: மாமாங்கத்துக்கு எல்லாம் விளங்கி, தினேஸுக்கு மஞ்சள் கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறார். முடிவு இரண்டு: சங்கத் தலைவருக்கு அணிவகுப்பு மரியாதை என்று நினைத்துக் கையசைக்கிறார். (பரிமளத்தின் வாக்கு இதற்கே.) முடிவு மூன்று: நாள் குறிக்கும் பேச்சையே அவர் பிறகு எடுக்க —

தெரியாது. நீங்களே தெரிந்தெடுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: படைக்குப் பின்னாலிருந்து தினேஸ் முரசோடு இளைக்க இளைக்க ஓடிவந்தான். இத்தனை நாளும் அங்கிள் என்று கூப்பிட்டவன், முதல் தடவையாக, "மாமா, நில்லுங்கோ மாமா," என்றான்.

மாமாங்கத்தால் நிற்க முடியவில்லை. அவர் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.