கோட்டுக்குள் கொசு கடிக்காது

கோட்டுக்காரி கோடு போட்ட இடத்தில் கொசு கடிக்காது. புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் அவளுக்கு வேலை. தலையிலும் கழுத்திலும் நோய் கண்டவர்களின் ஸ்கேன் படங்களைத் திரையில் அடுக்கடுக்காகத் திறந்து, கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன்னால் நல்ல உறுப்புகளைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். தண்டுவடத்துக்கு மஞ்சள், கண்ணுக்கு நீலம், காதோரத்து எச்சில் சுரப்பிக்குப் பச்சை. நோயைச் சுற்றிச் சிவப்புக் கோடு போடுவது டாக்டரம்மா. மற்றவர்கள் வரைந்தால், அங்கே கதிர் குறைவாகப் படும்படி கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். இவள் வரைந்தால் கதிர் வளைந்து விலகியே போனது. கதிர் மட்டுமா? அந்த இடத்தில் சவரக் கத்தி கீறாது, வெயில் கறுக்காது. நிர்வாகம் விசாரித்து, அவளுடைய மவுஸை மாற்றிப் பார்த்தது. ஒன்றும் மாறவில்லை என்றதும் விட்டுவிட்டது.

ஒரே ஒரு தடவைதான் பிசகியது. பஸ் கண்டக்டர் ஒருவர், வாய் உலர்ந்தால் பிழைப்பு போய்விடுமே என்று கண்கலங்க, மனசு கேட்காமல் பச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டாள். சிவப்பில் ஒரு ஓரம் பச்சைக்குள் அகப்பட்டது. கதிர் அதையும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த வருஷம் அந்த ஓரத்திலிருந்தே நோய் கிளம்பியது. பாவம் மனுஷன், கடைசி வரை வாய் உலராமலே செத்தார்.

அதனால்தான் தம்பியின் படம் திரையில் திறந்தபோது அவள் உடனே மவுஸைத் தொடவில்லை. தம்பி காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவன். வாயைத் திறந்தால் சந்தையே அடங்கும். அவளுக்கென்று இருந்த ஒரே ரத்த உறவு. நோய் அவனுக்கு இடது காதோரத்துச் சுரப்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா, ரெண்டு பக்கமும் நல்லா பெருசா போட்டுடு. எச்சில் வத்திட்டா நான் எப்படிக் கூவுறது? அதுக்குச் செத்தே போயிடலாம்" என்றிருந்தான்.

"வாயைக் கழுவுடா. போடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

வலது பக்கம் சுளுவாக முடிந்தது. இடது பக்கம் ஒவ்வொரு அடுக்கிலும் சிவப்பு பச்சையைக் கடித்துக்கொண்டிருந்தது. சிவப்பைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் வளைக்கப் பார்த்தாள். பாசம் பொல்லாதது, கை தானாகச் சிவப்புக்குள் சரிந்தது. அழித்தாள். வரைந்தாள். மறுபடியும் சரிந்தது. டாக்டரம்மா பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"உன்னால ஆகலைன்னா பக்கத்து சீட்டுல குடுத்துடுறேன்மா."

"வேணாம் டாக்டர். வலது பக்கத்துக்கு என் கோடு வேணும்." சொல்லிவிட்டு, இடது பக்கத்துப் பச்சையை அடுக்கடுக்காக, ஒன்று பாக்கி இல்லாமல் அழித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தலை அசையாமல் பிடிக்கும் வலைமுகமூடிக்குள் அவன் படுத்து எழுந்த சிகிச்சை வாரங்கள் முடியும்போது வாயில் இடது பாதி மணலாக வறண்டிருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஊர்ப்பட்ட பேருக்கெல்லாம் போட்டே, எனக்குப் போடலையே" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அதற்கப்புறம் அவளோடு பேச்சே இல்லை. தண்ணீர் பாட்டிலும் கையுமாக, வலது பக்க வாயாலேயே ஏலம் கூவினான். இடது பக்கம் நின்றவர்களுக்கு விலை சரியாகக் கேட்காததால் வியாபாரிகள் எல்லாரும் வலது பக்கம் வந்து நின்றார்கள். சந்தை அப்படியே பழகிவிட்டது. வருஷங்கள் போயின. ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் சுத்தம் என்றே வந்தது. கண்டக்டர் கதையை அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

ஒருநாள் சாயங்காலம், கூப்பிடாமலே அக்கா வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டுகிற நேரம், கொசு மொய்த்தது. திடீரென்று இடது கன்னத்தைத் தடவினான்.

"அக்கா, இந்தப் பக்கம் மட்டும் கடிக்குது."

"கடிக்கட்டும்டா" என்றாள்.

அவன் கையை எடுத்துவிட்டு, அது கடித்து முடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.