மீட்கப்பட்ட ஏரி

காலையிலிருந்து ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. ஏரிக்கரையில் இழுத்திருந்த கம்பிவேலிக்கு வெளியே, பூட்டிய கேட்டின் முன், மீனம்பாளும் தெருப்பெண்களும் அவற்றைக் கயிற்றில் பிடித்தபடி நின்றார்கள். பல்கலைக்கழகக் கார் வருகிறது, எல்லோரும் வாருங்கள் என்று கூட்டிவந்தவள் மஞ்சு. மீனம்பாளின் தம்பி மகள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வு உதவியாளர்.

"வெளிநாட்டம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க அத்த. திட்டத்துக்குப் பணம் குடுக்குறது அவங்கதான். அவங்க சொன்னா கேட்டத் தொறந்துடுவாங்க."

"நீ எழுதிப் பூட்டுன கேட்ட அவ வந்து தொறக்கணுமா?"

ஆடு எங்கே மேய்கிறது, கோரை எங்கே அறுக்கிறார்கள் என்று அத்தையோடு ஏரி முழுக்க நடந்து வரைபடம் போட்டவள் மஞ்சுதான். நீடித்த வளர்ச்சி ஆய்வு, ஊருக்கு ஏதோ நல்லது வரும் என்று மனசார நம்பினாள். பேராசிரியர் தேவநாதனின் கட்டுரையில் அந்த இடங்களெல்லாம் 'ஏரிக்கான பாதிப்புகள்' என்ற தலைப்பின்கீழ் சிவப்புப் புள்ளிகளாயின. அதைக் காட்டித்தான் வேலி போட்டார்கள். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதை.

மீனம்பாள் கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினாள். "அதுல இன்னாடி எழுதியிருக்குது?"

"மீட்கப்பட்ட ஏரின்னு."

"அடகு வெச்சதத்தான் மீட்பாங்க. உன் படிப்புக்குன்னு செஞ்சி டவுன் பஜார்ல அடகு வெச்ச என் கம்மலயே இன்னும் மீட்கல. எங்ககிட்டேர்ந்து மீட்டாங்கன்னா, இந்த ஏரிய நாங்க எவங்கிட்டடி அடகு வாங்கி வெச்சிருந்தோம்?"

கார் வந்தது. தேவநாதன் இறங்கியதும் பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். மரியாதையில் குறை வைக்காத மனிதர். அதனாலேயே மஞ்சுவுக்கு அவர்மீது கோபம் இன்னும் கூடியது. பின்னாலேயே வெள்ளைக்கார அம்மாள் கைத்தறிப் புடவையில் இறங்கினாள்.

மீனம்பாள் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "மேய்ச்சல் இல்லாம பாதி ஆட்ட வித்துட்டோம். இது எங்க ஏரி. கேட்டத் தொறக்கச் சொல்லுங்க. இல்லாங்காட்டி இனிமே ஆராய்ச்சி கீராய்ச்சின்னு ஒருத்தரும் எங்க தெருவுல கால வெக்கக் கூடாது."

மஞ்சு வாயெடுப்பதற்குள் தேவநாதன் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். பறவைகள் திரும்பிவிட்டன, இந்தப் பெண்களுக்குப் பொறுப்புணர்வு வந்துவிட்டது, 'இது எங்கள் ஏரி' என்று உரிமையோடு சொல்கிறார்கள்.

பிறகு மஞ்சுவிடம் தமிழில், தணிந்த குரலில் சொன்னார். "உன் கான்ட்ராக்ட் ரினியூவல் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கும்மா. இன்னைக்கு நல்லபடியா முடியட்டும்."

"இந்தப் பெண்மணி அப்படியா சொல்கிறார்?" என்று வெள்ளைக்கார அம்மாள் மஞ்சுவிடமே ஆங்கிலத்தில் கேட்டாள்.

மஞ்சு ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீனம்பாளின் கையைப் பிடித்து, கற்றுவைத்திருந்த "நன்றி"யைச் சொன்னாள். மீனம்பாள் கையை உருவிக்கொண்டாள்.

"நான் சொன்னத அப்படியே சொல்லிட்டாராடி?"

"சொல்லிட்டாரு அத்த."

"தொறப்பாங்களாமா?"

அதற்குள் தேவநாதன் கைகாட்ட, காவலாள் பூட்டைத் திறந்து கேட்டை அகலத் தள்ளினான். பெண்கள் ஆடுகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"மஞ்சு, ஏறும்மா. பறவை இருக்கிற எடத்த நீதான் காட்டணும்."

மற்ற இருவரும் ஏறியிருந்த காரில் அவளும் ஏறினாள். கார் உள்ளே போனது. பின்னாலேயே நுழைந்த ஆட்டைக் காவலாள் கொம்பைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, மறுபடி பூட்டினான். மீனம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளைக்கார அம்மாள் கண்ணாடியை இறக்கி, அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.