கால் டேங்க்

ஆறு திருகாணிகளையும் கழற்றி, லாரி டேங்கின் வாய்க்குள்ளிருந்து, டீசல் அளவைக் காட்டும் மிதவைக் கம்பியைச் சாய்த்து வெளியே எடுத்தபோதே சுரேந்தருக்குத் தெரிந்துவிட்டது. கம்பி நீளம். இந்த டேங்குக்கு நான்கு விரற்கடை அதிகம். பழைய டேங்க் துருவேறி ஓட்டை விழுந்ததால், ஏழு மாதத்துக்கு முன்னால் இந்த லாரிக்கு அதைவிட உயரம் குறைந்த டேங்கை மாட்டினார்கள். மாட்டியது அவன்தான். பழைய டேங்கின் மிதவையையே துடைத்து இதற்குள் இறக்கியதும் அவன்தான். டீசல் வற்றி மிதவை அடியில் உட்கார்ந்த பிறகும் நீளக் கம்பி முழுதாகச் சாய்வதற்கு உள்ளே இடமில்லை. டேங்க் காய்ந்து கிடக்கும். கேபினில் கேஜின் முள் கால் டேங்கில் நிற்கும்.

அதை மாட்டியது, மனைவி அருணாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள். காலையில் குளித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவனைப் பார்த்து, தேறிட்டான் என்றார்கள். டேங்கை இறக்கினான், ஏற்றினான், குழாய்களை முடுக்கினான். காலி டேங்கில் சாவியைத் திருப்பி, முள் சீரோவுக்கு வருகிறதா என்று பார்ப்பது இன்ஜினியரிங் படித்தவனுக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. எந்த மெக்கானிக்கும் செய்வது. அன்றைக்குச் செய்தோமா என்று இப்போது தேடினால் அந்த நாளே கிடைக்கவில்லை.

ஓசூர்க் கம்பெனியின் லாரிகள் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில்தான் டீசல் போட வேண்டும். கர்நாடகத்தில் விலை குறைவு. எப்போதும் கால் டேங்குக்குக் கீழே இறங்குவதற்குள் போட்டுவிடுவதால் இத்தனை நாளும் இது வெளியே வரவில்லை. இந்த முறை டிரைவர் கரியப்பன் சென்னைத் துறைமுக வரிசையில் இரண்டு நாள் இன்ஜினை ஓட்டிக்கொண்டு கிடந்தார். கிருஷ்ணகிரி பெட்ரோல் பங்குகளைக் கடந்தபோது முள் காலில் இருந்தது, நிற்காமல் வந்தார். சானமாவுக் காட்டில் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வனத்துறை ஆட்கள் வண்டிகளை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். அங்கிருந்து கிளம்பி ஒரு மைல்கூட ஆகவில்லை, இன்ஜின் இருமி அடங்கிவிட்டது. கேனில் டீசல் கொண்டுபோய், குழாயில் அடைத்த காற்றைக் கை பம்பால் அடித்து வெளியேற்றி வண்டியை எடுத்து வந்தது சுரேந்தர். டேங்கில் சொட்டு இல்லை. லாரியின் கேஜைப் பார்த்துக் காட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கால் டேங்க். கரியப்பன் முள் அசையாதபடி ஏதோ செய்துவிட்டு, சானமாவில் நின்ற நேரத்தில் டீசலை விற்றுவிட்டார் என்று மேனேஜர் ராஜசேகர் முடிவு கட்டிவிட்டார்.

"யானை வந்து டீசல் குடிச்சிட்டுப் போச்சாய்யா?" என்று நேற்று ஷெட்டில் எல்லார் எதிரிலும் கேட்டார். சிரித்தவர்களும் இருந்தார்கள். கரியப்பன் போய் மர நிழலில் நின்றுகொண்டார்.

ஸ்டோரில் சரியான நீளத்தில் புது மிதவை ஒன்று இருந்தது. பத்து நிமிட வேலை. மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. சுரேந்தர் ஸ்டோர் பக்கம் போகாமல், கையில் டீசல் சொட்டும் கம்பியோடு மேனேஜர் அறைக்கு மாடிப்படி ஏறினான்.

ராஜசேகர் ஒரு தாளை நீட்டினார். டிரைவர் கேஜில் கைவைத்துள்ளார் என்று ஏற்கெனவே அடித்திருந்தது. கீழே சுரேந்தர் பெயர். இது மேலிடத்துக்குப் போனால் கரியப்பனின் படம் லாரி முதலாளிகளின் வாட்ஸப் குழுவில் ஏறும். அப்புறம் ஓசூரிலிருந்து காவேரிப்பட்டினம் வரைக்கும் எவனும் அவருக்கு ஸ்டியரிங் தரமாட்டான்.

"அவர் கை வெக்கல சார். நான்தான் தப்பா மாட்டிட்டேன். பிப்ரவரில, டேங்க் மாத்தனப்ப."

ராஜசேகர் மாதத்தை மனதுக்குள் எண்ணியது முகத்தில் தெரிந்தது. குரல் இறங்கியது.

"உக்காருப்பா. அப்ப உன் நெலம வேற. மனைவி போன துக்கத்துல கவனிக்கலன்னு தனியா ஒரு லெட்டர் எழுதிக் குடு. என் டிராயர்ல கெடக்கட்டும், நாளைக்கி உனக்கு ஒண்ணும் வராது. இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடு. அத்தன பேர் எதுருல அந்தாள திருடன்னு சொல்லிட்டேன். இப்ப இல்லன்னா எவன் என்னை மதிப்பான்?"

"அவள இதுல இழுக்காதீங்க சார்."

ஏழு மாதமாக எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணமாகிக்கொண்டிருந்தாள். போனை எடுக்காததற்கு, தாடிக்கு, கல்யாண வீடுகளுக்குப் போகாததற்கு. யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை. ஒரு மிதவைக் கம்பிக்கும் அவளையே எழுதிக்கொடுத்தால், டிராயரில் கிடக்கிற ஒரு வரியாகிவிடுவாள். தாளில் அச்சாகியிருந்த வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தான். கீழே எழுதினான்: கேஜைத் தவறாக மாட்டியவன் நான். வேறு காரணம் இல்லை. கையெழுத்திட்டான்.

"இதை நான் மேல அனுப்புனாத்தானே?"

"அனுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

ஷெட்டின் பின்னால் இரும்புக் குவியலில் பழைய டேங்க் கிடந்தது. ஒற்றை ஆளாக அவன் இழுப்பதைப் பார்த்து டிரைவர் மணியும் இன்னும் இரண்டு டிரைவர்களும் வந்து கை கொடுத்தார்கள். லாரியின் பக்கத்தில் அதை நிறுத்தி, நீளமான ஒயர் போட்டுக் கம்பியைக் கேபினின் கேஜோடு இணைத்தான். மணியைக் கேபினில் ஏற்றிச் சாவியைத் திருப்பச் சொன்னான். பிறகு மர நிழலில் நின்றிருந்த கரியப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னான். நான்கு வாக்கியம். அதற்கு மேல் அவனிடம் இல்லை.

பிப்ரவரிக்கு முன்னால் கரியப்பன் அவனை இன்ஜினியர் சார் என்பார். அதற்குப் பிறகு கண்ணு.

"படிச்சவன்தானடா நீ?" என்றார் இப்போது. "நேத்துல இருந்து நாய் மாதிரி நின்னுக்கினு இருக்கறேன். என் மருமவன் போன் பண்ணிக் கேக்கறான், மாமா நெசமாவான்னு. சாவியத் திருப்பிப் பாக்கறதுக்கு எத்தினி நேரண்டா ஆவும்? உன்னை நம்பித்தானடா அந்த முள்ளப் பாத்து ஓட்டனேன்?"

ஏழு மாதத்தில் அவனைத் திட்டிய முதல் ஆள். காது சூடேறியது. தலையைக் குனியாமல் முழுவதையும் வாங்கிக்கொண்டான். மூச்சு நெடுநாளைக்குப் பிறகு நெஞ்சுக்கு அடிவரை போய் வந்ததுபோல் இருந்தது.

"வாங்க, ஏறிப் பாருங்க," என்றான்.

"நான் எதுக்குப் பாக்கணும்? எனக்குத் தெரியும். பாக்காதவனுங்களக் கூப்புடு."

கேனில் ஊற்றியதில் அடியை நனைக்கும் அளவே டீசல் மிச்சமிருந்த லாரியின் டேங்குக்குள் சுரேந்தர் மிதவையை இறக்கினான். "மணி, எங்க நிக்குது?"

"கால்ல."

எடுத்துப் பழைய டேங்குக்குள் இறக்கினான். "இப்ப?"

"சீரோ சார்."

நேற்றுச் சிரித்தவர்களில் ஒருவன் முதலில் ஏறிப் பார்த்தான். அவன் இறங்கும்போது கரியப்பன் பக்கம் திரும்பவில்லை. அடுத்தவன் ஏறினான். கேபின் கதவுக்குக் கீழே வரிசை நின்றது. ராஜசேகர் படியிறங்கி வந்து, "சாவியை ஆஃப் பண்ணு," என்றார். மணி கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தான்.

"நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க சார்," என்றான் சுரேந்தர். மறுபடியும் மிதவையைத் தூக்கி லாரியின் டேங்குக்குள் விட்டான். முழங்கை வரை டீசல் வழிந்தது.

வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். கரியப்பன் நிழலை விட்டு வந்து, இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ராஜசேகரின் ஒரு கால் கேபினின் இரும்புப் படியில் இருந்தது. இன்னொரு கால் எண்ணெய் ஊறிய மண்ணிலேயே இருந்தது.