தாளாளர் முகத்தில் ஒரு கீறல்

குட்டி விமானத்தின் இஞ்சின் மறுபடியும் நின்றது. படுக்கையாக வைத்தால் ஒழுங்காக ஓடியது. மூக்கை வானம் பார்க்கத் தூக்கினால் இரண்டு விக்கல், அப்புறம் சத்தமே இல்லை.

லேப் அசிஸ்டென்ட் செல்வினுக்கு வியர்த்தது. புதுக்கோட்டை தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் இன்னும் ஒரு மணி நேரத்தில் நிறுவனர் விழா. இந்த விமானம் எழும்பி, தாளாளர் அற்புதமணியின் தலையில் ரோஜா இதழ் கொட்ட வேண்டும்.

“நீடிலத் திறந்து விடும்வே,” என்றார் துறைத் தலைவர் தங்கதுரை. இஞ்சினுக்குப் போகும் ஃபியூலைக் கூட்டிக் குறைக்கும் ஊசி அது. முனைவர் பட்டம் வாங்கியவருக்கு எல்லா நோய்க்கும் அந்த ஒரு மருந்துதான்.

“ஏழு தடவ திறந்தாச்சு சார். புகைதான் கூடுது.”

“எட்டாவது தடவ திறயும். இது பறக்கலேன்னா திங்கக்கிழம நீரு வர வேண்டாமாம். நான் சொல்லல, பெரியவரு சொன்னது.”

ஐம்பத்திரண்டு வயதில், தற்காலிகப் பணியாளர் செல்வினை வேறு யார் கூப்பிடுவார்கள்? நீடிலைத் தொடாமல் அவர் மூக்கைத் தூக்கிப் பிடித்தார். இஞ்சினுக்குப் போகும், உள்ளே ஓடுவது தெரியும் குழாயில் குமிழிகள் வரிசையாக ஓடின.

“காத்து சார். டேங்குக்குள்ள இருக்க ரப்பர் குழாய் கழுத்துப் பக்கம் கீறியிருக்கு. மூக்கத் தூக்குனா ஃபியூல் பின்னால போயிருது, கீறல் காத்த உறிஞ்சுது. டேங்குக்கு மேல இருக்க மூடியத் திறக்கணும்.”

இருவரும் மூடியைப் பார்த்தார்கள். அதன் மேல் தாளாளர் ஸ்டிக்கராகச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கதுரையின் யோசனை; நேற்று மாலை தம் கையாலேயே ஒட்டியிருந்தார். மூடியின் ஓரம் சரியாக நெற்றியில் தொடங்கி மோவாயில் முடிந்தது. செல்வின் மெல்ல உரித்துப் பார்த்தார். பெயிண்டோடு ஒரு காது வந்தது.

“வேற வழி கெடையாதா?”

“அவரு மூஞ்சி வழியாத்தான் சார் போகணும்.”

“நான் இங்கன இல்லவே,” என்று தங்கதுரை வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்வின் பிளேடை நெற்றியில் இறக்கினார். டேங்க் வெளியே வந்தது. கீறல் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. புதுக் குழாய் மாட்டி, மூடி, முகத்தை டேப்பால் சேர்த்தார். மூக்கைத் தூக்கினார். இஞ்சின் விக்கவில்லை.

விமானம் மூன்று சுற்று வந்து இதழைக் கொட்டியது. கைதட்டல் ஓயவில்லை. “எங்கள் துறையின் நுட்பமான நீடில் ஆய்வு!” என்றார் தங்கதுரை மைக்கில்.

இறங்கிய விமானத்தோடு படம் எடுக்கத் தாளாளர் வந்தார். டேப் ஒட்டிய தம் முகத்தைப் பார்த்தார். கேமராவுக்குச் சிரித்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்: “யாரு வெட்டுனது?”

தங்கதுரை மைக்கை அணைக்க மறந்திருந்தார். “முழுக்க முழுக்கச் செல்வின் வேல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது.” மைதானம் முழுவதும் கேட்டது. அந்தக் கல்லூரியில் ஒரு வேலை தன்னுடையதென்று செல்வின் காதில் விழுந்தது அன்றுதான்.

“அப்ப அவரு திங்கக்கிழம வர வேண்டாம்,” என்றார் தாளாளர்.

“அண்ணாச்சி,” என்று போட்டோக்காரர் செல்வினைக் கூப்பிட்டார், “கொஞ்சம் சிரிங்க.”